கருத்தடை செய்த கடுவன் பூனை திடீரென்று மெத்தையில் சிறுநீர் கழிக்கிறது, நோயா பிடிவாதமா?

சாம்புவீடு:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கடுவனுக்கு 4 வயது, பெயர் சாம்பு. குட்டியிலேயே கருத்தடை செய்தாயிற்று, வெளியே விடுவதே இல்லை. இத்தனை வருடமாக லிட்டர் பாக்ஸை, அதாவது மணல் போட்ட கழிப்பெட்டியைத் தவிர வேறெங்கும் போனது கிடையாது. ஆனால் கொஞ்ச நாளாக மெத்தையின் ஓரத்தில், குளியலறை மிதியடியில், மடித்து வைக்காமல் கிடக்கும் துவைத்த துணிக் குவியலில் என்று கண்ட இடத்தில் ஈரம். ஒவ்வொன்றும் பெரிதாக இல்லை, உள்ளங்கை அகலம் இருந்தால் அதிகம். பாக்ஸுக்கும் போகிறான், போய் உட்கார்ந்து மணலைப் பிறாண்டிவிட்டு எழுந்து வருகிறான், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போகிறான். பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கிறான். சாப்பாடு வழக்கம்போலத்தான், முழுக்க உலர் தீனி.

வீட்டில் சில மாற்றங்கள் நடந்திருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். நாத்தனார் பிரசவத்துக்காக வந்து தங்கியிருக்கிறார், அவருக்கு அறை தேவைப்பட்டதால் அங்கிருந்த பாக்ஸைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நகர்த்தினோம். வாடை வரக்கூடாது என்று வாசனை போட்ட லிட்டர் மணலுக்கும் மாறினோம். அப்புறம் ஒரு தெருப் பூனை தினமும் சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே வந்து உட்காருகிறது.

மாமனார் இது வெறும் பிடிவாதம், பூனை பழிவாங்கும், ஈரத்தில் அதன் மூக்கை வைத்துத் தேய்த்தால் சரியாகிவிடும் என்கிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அவனை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்ற பேச்சும் வீட்டில் தொடங்கிவிட்டது. இது உடம்பு சரியில்லாததா, இல்லை குணம் மாறிவிட்டதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றுவால்:
சகோ, மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம். இப்போதே ஒன்றை மட்டும் பாருங்கள்: அவனுக்குச் சிறுநீர் வருகிறதா? சொட்டுச் சொட்டாகவாவது வருகிறதா, இல்லை உட்கார்ந்து முக்கிவிட்டு ஒன்றுமே இல்லாமல் எழுந்து வருகிறானா? பாக்ஸில் இருப்பதை முழுக்க அள்ளிவிட்டு, அவனை அந்தப் பாக்ஸோடு ஒரு அறையில் விட்டுக் கதவைச் சாத்தி வையுங்கள். கொஞ்ச நேரம் கழித்துப் சிறுநீரில் நனைந்து இறுகிய மணல் கட்டி புதிதாக எத்தனை விழுந்திருக்கிறது, எந்த அளவில் இருக்கிறது என்று பாருங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் என்றால், ஆண் பூனைக்குச் சிறுநீர் வெளியே வரும் குழாய் பெட்டையைவிட நீளம், அதோடு நுனிக்கு வரவர ரொம்பக் குறுகல். சின்னப் படிகங்களோ, சளி மாதிரியான கசடோ அங்கே போய் அடைத்துக்கொள்ளும். வலியில் அந்தக் குழாய் இறுக்கிக்கொண்டாலும் அடைப்புதான். அடைத்துவிட்டால் சிறுநீர்ப்பை கல் மாதிரி இறுகும், சிறுநீரகம் வேலையை நிறுத்தும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். இரவு நேரமாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கிற விஷயம் இல்லை இது.

அடிக்கடி போய் உட்காருவது, முக்குவது, உட்காரும்போது கத்துவது, பின்பக்கத்தை விடாமல் நக்குவது, கட்டிலுக்கடியில் போய் ஒளிவது, சாப்பாட்டை ஒதுக்குவது, வாந்தி, இவையெல்லாம் அடைப்பின் அறிகுறிகள். இதில் இரண்டு மூன்றை நீங்களே எழுதிவிட்டீர்கள். நிறையப் பேர் முக்குவதைப் பார்த்துவிட்டு மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் கொடுத்து நேரத்தை விடுகிறார்கள். வயிற்றை நீங்களே அழுத்திப் பார்க்காதீர்கள், நிரம்பிய பை கிழிய வாய்ப்பு உண்டு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வலிக்கிறதே என்று நமக்கு வாங்கி வைத்திருக்கும் பாரசிட்டமால் மாத்திரையைத் துளி கூடக் கொடுத்துவிடாதீர்கள். அதை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் கிட்டத்தட்ட இல்லை, ஒரே மாத்திரை போதும் பூனையைக் கொல்ல.

சிறுநீர் வருகிறது என்று உறுதியாகத் தெரிந்தாலும் இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பிடிவாதமா இல்லையா என்பதை அங்கே போய் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

சாம்புவீடு:
பதிலைப் பார்த்ததும் கிளம்பிவிட்டோம். நல்லவேளை, அடைப்பு இல்லை. டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், சிறுநீரைச் சோதித்தார். கல் இல்லை, கிருமி இல்லை, ஆனால் சிறுநீரில் ரத்தம் இருக்கிறது, பையின் சுவர் வீங்கியிருக்கிறது. இடியோபதிக் சிஸ்டைட்டிஸ் என்றார், அதாவது காரணம் இதுதான் என்று விரல் வைத்துச் சொல்ல முடியாத சிறுநீர்ப்பை அழற்சி. வலிக்கு மருந்து கொடுத்திருக்கிறார். ஆன்டிபயாட்டிக் கேட்டேன், கிருமியே இல்லாதபோது அது எதற்கு என்றார். இளவயதுப் பூனைகளில் இந்தத் தொந்தரவுக்கு இதுதான் மிகச் சாதாரணமான காரணமாம், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடுமாம், ஆனால் திரும்பத் திரும்ப வருமாம். தண்ணீர் உள்ளே போவதை அதிகப்படுத்துங்கள், வீட்டில் அவனுக்கு மன அழுத்தம் தருவதைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

இதை எப்படிச் செய்வது என்று கேட்க அங்கே நேரம் இல்லை, வெளியே கூட்டம். எதிலிருந்து தொடங்கட்டும்?

பஞ்சுப்பாதம்:
பாக்ஸிலிருந்து தொடங்குங்கள், அதுதான் இன்றைக்கே மாற்றக்கூடியது.

அவன் பார்வையில் நடந்ததைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இத்தனை வருடம் அமைதியான மூலையில் இருந்த கழிப்பிடம் ஒரு நாள் அங்கே இல்லை. புது இடத்தில் ஒரு பெரிய இயந்திரம், எப்போது அதிரும் என்றே தெரியாது. பூனை உட்கார்ந்திருக்கும்போது ஒரு தடவை அது சுழலத் தொடங்கினால் போதும், அந்த இடமே ஆபத்தான இடமாகப் பதிந்துவிடும். அதோடு மணலும் மாறி மூக்கைக் குத்தும் வாசனை வந்துவிட்டது. வாசனை நமக்காகப் போடுவது, பூனைக்கு அது தேவையே இல்லை. மோப்பத்தில் நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான பிராணியை ஒரு பெட்டிக்குள் வாசனைத் தூளின் மேல் உட்காரச் சொன்னால் ஒத்துக்கொள்ளாது. இதற்கு நடுவில் சிறுநீர்ப்பையில் வலி வேறு. பாக்ஸில் உட்கார்ந்தபோது வலித்தால், வலித்தது பாக்ஸால்தான் என்று அது முடிவு கட்டிவிடும், அப்புறம் வலி போன பிறகும் அந்தப் பக்கம் போகாது. மெத்தையும் துணிக் குவியலும் மெத்தென்று இருக்கின்றன, உங்கள் வாடையும் அதில் இருக்கிறது. அதனால்தான் அங்கே போயிருக்கிறான்.

ஆகவே பழைய லிட்டருக்கே திரும்புங்கள், வாசனை இல்லாத, மண் மாதிரி நைசான, கட்டி பிடிக்கும் வகை. 5 செ.மீ. ஆழமாவது இருக்கட்டும். பாக்ஸ் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அவன் நீளம் எவ்வளவோ அதைப்போல ஒன்றரை மடங்கு நீளம் இருக்க வேண்டும். கடையில் பூனைக்கு என்று விற்பவை பெரும்பாலும் வளர்ந்த கடுவனுக்குப் போதாது. துணி, போர்வை போட்டு வைக்கிற தாழ்வான அகலமான பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் தாழ்வாக வெட்டி, வெட்டிய ஓரத்தைத் தேய்த்து மழுக்கிவிட்டால் அதுவே மிக நன்றாக உழைக்கும். மூடி போட்டது வேண்டாம், வாடை உள்ளேயே தங்கும், வெளியே யார் வருகிறார்கள் என்று அவனால் பார்க்கவும் முடியாது.

எண்ணிக்கை: பூனைக்கு ஒன்று, கூட ஒன்று. ஒரே பூனை என்றாலும் இரண்டு பாக்ஸ் வையுங்கள், அதையும் அடுத்தடுத்து வைக்காமல் வேறு வேறு இடத்தில். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூனைக்கு அது ஒரே கழிப்பிடம்தான். ஒன்று பழைய அறைக்கு முடிந்தவரை கிட்டத்தில் இருக்கட்டும், அறை வாசலுக்கு வெளியே வைத்தால்கூடப் போதும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

தினமும் அள்ள வேண்டும், காலையும் மாலையும் என்றால் இன்னும் நல்லது. அள்ளும்போது கட்டிகளைப் பாருங்கள், இப்போதைக்கு அதுதான் உங்களுக்கு இருக்கிற சோதனைக்கூடம். கட்டிகள் பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருந்தால் பை நன்றாகக் காலியாகிறது என்று அர்த்தம். பொடிப்பொடியாக நிறைய இருந்தால் எரிச்சல் இன்னும் போகவில்லை. ஒன்றுமே இல்லையென்றால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

மெத்தைக்கு: சாதாரணச் சோப்பில் கழுவினால் நமக்கு வாடை போய்விடும், அவனுக்குப் போகாது. என்சைம் கலந்த கிளீனர் என்று கேட்டு வாங்குங்கள், மேலோட்டமாகத் தெளிக்காமல் சிறுநீர் இறங்கிய ஆழம் வரை ஊறவிட்டுத் தானாகக் காயவிடுங்கள். அம்மோனியா கலந்த திரவம் எதுவும் வேண்டாம், அதன் வாடையே சிறுநீர் மாதிரி இருப்பதால் இங்கேதான் போக வேண்டும் என்று கூப்பிடுவது போலாகிவிடும். பிளீச்சிங் திரவத்தைச் சிறுநீர் மேல் நேராக ஊற்றாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் நச்சுப் புகை கிளம்பும்.

நள்ளிரவுமியாவ்:
பழிவாங்குகிறது என்பதைப் பற்றி நான் கொஞ்சம் எழுத வேண்டும், ஏனென்றால் எத்தனையோ பூனைகள் இந்த ஒரு வார்த்தையால் வீட்டை விட்டுப் போயிருக்கின்றன.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவப் பேராசிரியரும் அவருடன் இருந்தவர்களும் இந்த நோயைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். சிஸ்டைட்டிஸ் வரும் பூனைகளையும் நல்ல ஆரோக்கியமான பூனைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்து 2011-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு எனக்கு மறக்காது. சாப்பாட்டு நேரம் மாறுவது, வழக்கமாகப் பார்த்துக்கொள்பவர் மாறுவது மாதிரி அன்றாடம் குலைந்த வாரங்களில் ஆரோக்கியமான பூனைகளும் சரியாகச் சாப்பிடவில்லை, பாக்ஸுக்கு வெளியே போயின. அதாவது நோயே இல்லாத பூனைக்கும் வழக்கம் குலைந்தால் உடம்பு குலைகிறது. இதற்கு முன்பு 2006-இல் அதே குழு, நோய் இருந்த வீட்டுப் பூனைகளுக்குச் சுற்றுப்புறத்தை மட்டும் மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீர்த் தொந்தரவு நன்றாகக் குறைந்தது, பயமும் பதற்றமும்கூடக் குறைந்தன. இதை மாமனாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். மூக்கைத் தேய்த்தால் பூனைக்குப் புரிவது ஒன்றே ஒன்றுதான், இந்த ஆள் பக்கத்தில் இருந்தால் ஆபத்து. பயம் கூடும், பயம் கூடினால் பை மறுபடியும் வீங்கும், ஈரமும் கூடும்.

அடுத்து அந்த ஜன்னல் பூனை. நீங்கள் அதைக் கடைசியாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கோ முதல் சந்தேகம் அதன் மேல்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அந்நியப் பூனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, இவனால் விரட்டவும் முடியாது, ஓடவும் முடியாது. அந்த ஜன்னலின் கீழ்ப்பாதியை, வெளிச்சம் வந்தாலும் உருவம் தெரியாத காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள். வெளியே சாப்பாடு வைக்கிறவர்கள் இருந்தால் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். இவன் வெளியே வேடிக்கை பார்க்க வேறு ஜன்னலோரம் உயரமாக ஒரு பலகை அடித்துக் கொடுங்கள்.

ஒன்றைக் கவனித்துச் சொல்லுங்கள். ஈரம் தரையிலும் மெத்தையிலும் மட்டும்தானா, இல்லை சுவரிலும் கதவு ஓரத்திலும் கூடவா? நின்றபடி வாலைத் தூக்கி, வால் நுனி நடுங்க, பின்னால் பீய்ச்சுவது வேறு விஷயம், அது எல்லை குறிப்பது. கருத்தடை செய்த கடுவன்களிலும் சில அதைச் செய்யும், ஜன்னல் பூனை அதற்கும் காரணமாகலாம்.

தோட்டத்துத்திண்ணை:
தண்ணீர் விஷயத்துக்கு யாரும் வரவில்லை, நான் வருகிறேன்.

வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப் பூனை. இரையின் உடம்பில் இருக்கும் ஈரத்திலேயே காலத்தை ஓட்டிய இனம், அதனால் தாகம் எடுப்பதே குறைவு, சிறுநீரை ரொம்பக் கெட்டியாக்கி வெளியே விடும். எலியின் உடம்பில் எழுபது சதவீதத்துக்குக் குறையாமல் தண்ணீர். டப்பாவிலும் பவுச்சிலும் வரும் ஈர உணவும் கிட்டத்தட்ட அப்படித்தான், முக்கால் பங்கு தண்ணீர். உலர் தீனியில் பத்தில் ஒரு பங்குதான். உலர் தீனி தின்கிற பூனை தண்ணீர்க் கிண்ணத்துக்கு எத்தனை தடவை போனாலும், மொத்தக் கணக்கில் ஈர உணவு தின்கிற பூனையை எட்டுவதில்லை. சிறுநீர் கெட்டியாக இருந்தால் புண்பட்ட பையை அது அரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே உங்கள் டாக்டர் சொன்னதைச் செய்ய மிக நேரான வழி, ஈர உணவுக்கு மாறுவதுதான்.

ஆனால் மெதுவாக. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால், அதிலும் கொஞ்சம் பருமனான பூனை என்றால், உடம்புக் கொழுப்பு முழுக்க ஈரலில் போய்ப் படிந்து ஈரலே செயலிழக்கும். இவனுக்கு உலர் தீனி எப்போதும்போல இருக்கட்டும், பக்கத்தில் தனித் தட்டில் ஒரு கரண்டி ஈர உணவு. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்காமல் உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள், வாடை கிளம்பினால்தான் பூனை வரும். முகர்ந்தாலே முதல் வெற்றி. வாரக்கணக்கில் ஆகலாம், ஆகட்டும்.

கிண்ணம்: மீசை இடிக்காத அகலமான பீங்கானோ கண்ணாடியோ, விளிம்புவரை நிரப்பி, சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி, வீட்டில் மூன்று நான்கு இடத்தில். ஓடும் தண்ணீர்தான் பிடிக்கும் பூனை என்றால் அதற்கென்று சின்ன மோட்டார் வைத்த ஊற்றுகள் வருகின்றன, சில பூனைகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது, முயன்றுதான் பார்க்க வேண்டும். பால் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கில் இருக்கிற தண்ணீரும் போய்விடும்.

பஞ்சுப்பாதம்:
தோட்டத்துத்திண்ணை அண்ணா சொன்னதோடு ஒரு வார்த்தை. ஈர உணவு என்றதும் வீட்டிலேயே கறியை வேக வைத்துக் கொடுத்தால் போயிற்று என்று தோன்றும். வெறும் கறி முழு உணவு ஆகாது. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு தேவையான அளவு தானே செய்துகொள்ளாது, உணவிலிருந்துதான் வர வேண்டும், நீரில் வேக வைத்தால் அது நீரோடு போய்விடும். டாரின் குறைந்தால் இதயத் தசை மெலிந்து விரிந்துபோகும், கண் விழித்திரையும் கெடும். இதய நோய்க்கு இதுதான் காரணம் என்பது 1987-இல் கண்டுபிடிக்கப்பட்டு வெளியான பிறகுதான் பூனை உணவு செய்கிறவர்கள் டாரினைக் கூட்டிச் சேர்க்கத் தொடங்கினார்கள். டப்பாவில் முழுமையான உணவு என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டில் வெந்த கறி எப்போதாவது ருசிக்கு ஒரு துண்டு, வெங்காயம் பூண்டு படாமல். அந்த இரண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

சாம்புவீடு:
எல்லோருக்கும் நன்றி. பழைய லிட்டர் வந்துவிட்டது, பெரிய பெட்டி ஒன்று வெட்டியாயிற்று, ஒன்று அறை வாசலில், இன்னொன்று கூடத்தின் மூலையில் சோபாவுக்குப் பின்னால். ஜன்னலை மறைத்துவிட்டோம். சுவரில் எங்கேயும் ஈரம் இல்லை, தரையிலும் மெத்தையிலும் மட்டும்தான். நேற்றும் இன்றும் மெத்தை காய்ந்தே இருக்கிறது, கூடத்துப் பாக்ஸில்தான் போகிறான்.

இரண்டு கேள்வி பாக்கி. நாத்தனார் மாசமாக இருப்பதால் பூனையிடமிருந்து நோய் தொற்றும், பூனையை அனுப்பிவிடுங்கள் என்று ஒரு உறவினர் பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறார். இன்னொருவர், இவன் தனியாக இருப்பதால்தான் இப்படி, துணைக்கு இன்னொரு பூனை கொண்டுவந்து விடுங்கள் என்கிறார்.

மூன்றுவால்:
துணைப் பூனை இப்போது கண்டிப்பாக வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே இருந்த பூனையே அவனை இந்தப் பாடு படுத்தியிருக்கலாம், அதை வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பது போல ஆகும். துணை வேண்டும் என்றால் அது நீங்கள்தான். ஒரு குச்சியின் நுனியில் கயிறும் இறகும் கட்டித் தினமும் இரண்டு மூன்று தடவை கொஞ்ச நேரம் விளையாட்டுக் காட்டுங்கள். இறகை அவன் முகத்துக்கு நேரே ஆட்டாதீர்கள், எந்த எலியும் பூனையின் வாய்க்குள் தானாக வந்து விழாது. கதவிடுக்கில் பாதி மறைய வையுங்கள், அசையாமல் விடுங்கள், சரக்கென்று இழுங்கள். அவன் தரையோடு பதுங்கி, பின்பக்கம் மட்டும் ஆட, கருவிழி முழுக்க விரிந்து, பாயப் போகிற அந்த நிமிடம் வரை காத்திருங்கள். பிடிக்கவும் விடுங்கள், முடிவில் சாப்பாடு வையுங்கள். பதுங்கி, பாய்ந்து, பிடித்து, தின்று, நக்கிச் சுத்தம் செய்து, தூங்கி என்று அந்த வரிசை முழுக்க நடந்தால்தான் பூனைக்கு நிம்மதி. சிவப்பு லேசர் ஒளியில் பிடிக்க ஒன்றுமே கிடைக்காது, அதனால் அது வேண்டாம். விளையாடி முடித்ததும் கயிற்றை எடுத்துப் பூட்டிவிடுங்கள், விழுங்கினால் குடலைச் சுருக்கி அறுத்துவிடும்.

கர்ப்பிணி விஷயம்: அவர்கள் சொல்வது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. பயப்பட வேண்டிய நோய்தான், ஆனால் பூனையை அனுப்ப வேண்டியதில்லை. பச்சை இறைச்சியோ எலியோ தின்னாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிற பூனைக்கு அது வருவதற்கு வழி குறைவு. வந்தாலும் அது மலத்தில் வெளியேறுவது பொதுவாக வாழ்நாளில் ஓரிரு வாரம்தான், அந்த மலமும் உடனே தொற்றாது, தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். தினமும் பாக்ஸை அள்ளிவிட்டால் அந்த வழியும் அடைபடுகிறது. அள்ளுவது நாத்தனார் வேலை அல்ல, வீட்டில் வேறு யாராவது செய்யட்டும், கையுறை போட்டு, பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். மனிதர்களுக்கு இது சரியாக வேகாத இறைச்சி, கழுவாத காய்கறி, தோட்ட மண் வழியாகவும் வருகிறது, அவர் சாப்பாட்டில் அந்தக் கவனமும் தேவை. தடவிக் கொடுப்பதால் வராது. சந்தேகம் இருந்தால் அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

குழந்தை பிறந்து வீட்டுக்கு வருவதற்கு முன்பே தொட்டில், துணி எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்து அவனை முகர விடுங்கள். ஒரே நாளில் எல்லாம் மாற வேண்டாம். தூங்கும் குழந்தையோடு அவனைத் தனியாக ஒரு அறையில் விடாதீர்கள், அவ்வளவுதான்.

சாம்புவீடு:
உறவினருக்கு இதை அப்படியே படித்துக் காட்டினேன், நாத்தனாரும் டாக்டரிடம் கேட்டுவிட்டார், அவரும் இதையேதான் சொன்னாராம். சாம்பு இங்கேயே இருக்கிறான் என்று முடிவாகிவிட்டது. ஈர உணவை இப்போதைக்கு நக்கிப் பார்க்கிறான், தின்னவில்லை. அடுத்து மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். போன தடவை கூடைக்குள் தள்ளுவதற்குள் என் கையெல்லாம் கீறல், அவன் வழி முழுக்க அலறிக்கொண்டே வந்தான். அந்தப் பதற்றமே மறுபடி நோயைக் கிளப்பிவிடுமோ என்று கவலையாக இருக்கிறது.

நள்ளிரவுமியாவ்:
கவலை நியாயமானதுதான். கூடையை இன்றைக்கே பரணிலிருந்து இறக்கி, கதவைக் கழற்றிவிட்டு, அவன் தூங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். டாக்டரிடம் போகும் நாளில் மட்டும் வெளியே வருகிற கூடையைப் பார்த்தால் எந்தப் பூனையும் ஓடும். உள்ளே நீங்கள் உடுத்திய பழைய துணி ஒன்று, அதன் மேல் அவனுக்குப் பிடித்த தீனி இரண்டு மூன்று. நீங்கள் தள்ளாதீர்கள், பக்கத்தில் நின்று பார்க்கவும் வேண்டாம். முதலில் கழுத்தை மட்டும் நீட்டித் தின்பான், அப்புறம் முன்கால் உள்ளே போகும், ஒரு நாள் தானாகவே அதற்குள் சுருண்டு படுத்திருப்பான். அதற்குப் பிறகுதான் கதவை மாட்டுவது, மூடுவது, மூடித் தூக்கிக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறக்குவது எல்லாம்.

மேல் மூடி தனியாகக் கழலுகிற கூடை என்றால் இன்னும் வசதி, டாக்டர் அவனைப் பிடித்து இழுக்காமல் கீழ்த்தட்டில் இருந்தபடியே பார்த்துவிடுவார். போகும்போது மேலே ஒரு துண்டைப் போட்டு மூடுங்கள், காரில் ஆடாதபடி பின் இருக்கைக்கும் முன் இருக்கைக்கும் நடுவில் தரையில் வையுங்கள். காத்திருக்கும் இடத்தில் தரையில் வைக்காதீர்கள், நாய்கள் முகத்துக்கு நேரே வந்து நிற்கும், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறைந்த நேரம் எது என்று முன்னாலேயே போன் செய்து கேட்டுப் போகலாம். ரொம்ப மிரளும் பூனைகளுக்குப் போவதற்குச் சற்று முன்பு கொடுக்கிற மருந்து இருக்கிறது, அதையும் உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

சோதனைக்குச் சிறுநீர் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தால், அன்று காலை பாக்ஸில் லிட்டருக்குப் பதிலாக நீரை உறிஞ்சாத பிளாஸ்டிக் மணிகளைப் போட்டு வையுங்கள், அதற்கென்றே விற்கிறார்கள். அவன் சிறுநீர் கழித்ததும் சிரிஞ்சில் உறிஞ்சிச் சுத்தமான மூடிய புட்டியில் எடுத்து, எடுத்த நேரத்தை அதன் மேல் எழுதி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். நேரம் ஆக ஆகப் புட்டிக்குள்ளேயே புதிதாகப் படிகம் உருவாகும், இல்லாத கல்லுக்கு மருந்து எழுத வேண்டியதாகிவிடும். அவன் மணிகளைப் பார்த்து மிரண்டு போகவே இல்லையென்றால் வற்புறுத்தாதீர்கள், டாக்டரே ஊசியால் பையிலிருந்து எடுத்துக்கொள்வார், அதற்குப் பை நிரம்பியிருப்பதுதான் நல்லது.